காகிதத் தென்னைகளும் ஒரு பாடசாலையும்

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பழைய ஹொலிவூட்டின் பகட்டைத் தேடி அலைவோர் இன்றும் பலர். அவர்களுட் சிலர் வில்ஷயர் வீதியில் ஒரு பாடசாலையின் வாயிலில் வந்து நிற்க நேரிடுகின்றது. 1921இல் திறக்கப்பட்ட அம்பாசடர் ஹோட்டல் நின்ற இடம் அது. அதன் நடன மண்டபத்துக்குக் 'கொக்கனட் குரோவ்', அதாவது தென்னந்தோப்பு, என்று பெயர். காகிதக்கூழாற் செய்த தென்னைகளின் கீழ் நட்சத்திரங்கள் விருந்துண்டனர். (தென்னை நாட்டவராகிய எமக்கு இது நகைப்பையே தரும்.) ஒஸ்கார் விழாவும் ஒருமுறைக்கு மேல் அங்கு நடந்தது.

1989இல் ஹோட்டல் மூடப்பட்டது. நிலத்தை வாங்கிய முதலாளிகளுள் ஒருவரான டொனால்ட் ட்ரம்ப் அங்கே 125 மாடிக் கோபுரம் எழுப்ப விரும்பினார். அயலிலுள்ள பிள்ளைகளோ, பெரும்பாலும் குடியேறிய உழைப்பாளரின் மக்கள், பாடசாலைகளில் இடம் போதாமையால் பஸ்ஸேறித் தொலைவிடங்களுக்குச் சென்று படித்தனர். பாடசாலை நிருவாகம் நிலத்தைக் கோரியது. மரபுச் சின்னங்களைப் பேணுவோர் கட்டடத்தைக் காக்க வழக்காடினர். நீண்ட இழுபறியின் பின் 2005-2006இல் ஹோட்டல் இடிக்கப்பட்டது.

இது முறையா? முற்போக்காளராகிய நாம் விடைகூறத் தயங்கோம்: பிள்ளைகளின் கல்வியே முதன்மையானது. அவ்விடை சரியானதே. ஆனால் அதனை அவசரமாகச் சொல்லிவிட முடியாதபடி ஒரு மேசை எம்மைத் தடுக்கின்றது.

1940 பெப்ரவரி 29ஆம் திகதி அந்தத் தென்னந்தோப்பில் ஹற்றி மக்டானியல் ஒஸ்கார் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவர்; பெற்றதோ அடிமைப் பணிப்பெண்ணாக நடித்தமைக்காக. ஹோட்டல் கறுப்பரை அனுமதிப்பதில்லையாதலால், அவர் உள்ளே வருவதற்கே தனி அனுமதி வேண்டியிருந்தது. உடன் நடித்த வெள்ளையரிலிருந்து ஒதுக்கி, சுவரோரம் ஒரு சிறு மேசையில் அவரை அமர்த்தினர். பகட்டும் அதன் கொடுமையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கூரை போனபோது இரண்டுக்கும் சாட்சி போயிற்று. பல்கலைக்கழகமொன்றுக்கு அவர் விட்டுச்சென்ற விருதும் காணாமற் போய், 2023இலேயே மாற்று விருது வழங்கப்பட்டது.

எனினும், அவ்விடத்தைப் புனிதமாகப் பேணுமாறு கேட்க எவரினும் உரிமை பெற்றிருந்த ஒருவர் அவ்வாறு கேட்கவில்லை. 1968 ஜூனில் ரொபேர்ட் கென்னடி அந்த ஹோட்டலிற் சுடப்பட்டபோது, மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர்களுள் ஒருவரான போல் ஷ்ரேட்டும் தலையிற் சுடப்பட்டு உயிர்தப்பினார். தாம் வீழ்ந்த மண்ணிற் பாடசாலை எழவேண்டுமென்று பல ஆண்டுகள் போராடியவர் அவர். கென்னடி இறுதியாக உரையாற்றிய மண்டபத்தின் இடத்தில் இன்று ஷ்ரேட்டின் பெயரிலான நூலகம் இருக்கின்றது. எமது ஐயத்தைப் பெருமளவு தீர்ப்பது இம்மனிதரின் தெரிவே.

பெருமளவு என்கிறோம், முற்றாகவல்ல. 2009, 2010ஆம் ஆண்டுகளிற் திறக்கப்பட்ட அப்பாடசாலைத் தொகுதிக்கு ஏறத்தாழ 578 மில்லியன் டொலர் செலவாயிற்று. அக்காலத்தில் அமெரிக்காவிலேயே அதிக செலவிற் கட்டப்பட்ட அரச பாடசாலை அது. இடித்த ஹோட்டலின் உருவத்தை நினைவூட்டுமாறே அதைக் கட்டினர். தென்னந்தோப்பு இருந்த இடத்தில் இப்போது பாடசாலையின் அரங்கு உண்டு. அங்கு வந்தமரும் பிள்ளைகளுக்குச் சுவரோர மேசையைப் பற்றி எவரேனும் சொல்லியிருக்கின்றார்களா என்று அவர்களின் ஆசிரியர்களிடம் கேட்க விரும்புகின்றோம்.