உறுதியில் எழுதாத உரிமை



கற்பிட்டிக் கரையில் காணி வாங்கிப் போட்டால் பணம் பெருகும் என்று உங்களுக்கும் யாரேனும் சொல்லியிருக்கலாம். 14 தீவுகளைக் கொண்ட அப்பகுதியை உல்லாசப் பயண வலயமாக்க அரசு திட்டமிட்டது. 2009இல் போர் முடிந்தபின் டொல்பின் பார்க்க வருவோருக்கென விடுதிகள் பல எழுந்தன.

காணி வாங்குவது பாவமன்று. எருசலேம் முற்றுகைக்குள் இருந்தபோதே எரேமியா இறைவாக்கினர் 17 செக்கேல் வெள்ளிக்கு வயல் வாங்கி, சாட்சிகள் முன் உறுதி முடித்தார் (எரே. 32). ஆகாபு மன்னனும் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு நல்ல விலையே பேசினான். அது முன்னோர் சொத்து என மறுத்த நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டான் (1 அரசர் 21). நல்ல விலை பேசிவிட்டதால் மட்டும் நாம் நீதிமான்களாகிவிட மாட்டோம்.

கரைவலை இழுக்கும் இடம், மீன்வாடி, கருவாடு காயும் மணல், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, இவற்றில் ஏழை மீனவருக்குள்ள உரிமை பெரும்பாலும் உறுதியில் எழுதப்படுவதில்லை. நாம் வேலி அடைக்கும் அன்றே அவர்கள் சொந்தக் கரையில் அந்நியராகின்றனர்.

ஆகவே, முற்பணம் கொடுக்குமுன் நொத்தாரிசிடம் உறுதியைக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். ஒருநாள் விடியற்காலையில் அக்காணியில் போய் நில்லுங்கள். யார் அவ்வழியே வலை சுமந்து நடக்கிறார் என்று பாருங்கள். அவ்வழியை விட்டு வேலி போடுங்கள், இயலாதெனில் வாங்காதீர்கள். நிலம் ஆண்டவருடையது, நாமோ அதில் சிலநாள் தங்கிப்போகும் வழிப்போக்கர் (லேவியர் 25).