காத்திருத்தலும் கள்ளாமையும்

பொறுமையை உத்தம குணமாகப் போற்றாத சமயம் ஏதும் இல்லை. விரதம் இருப்பவர் பொழுது சாய்வதற்குக் காத்திருக்கிறார். வைகாசித் திருவிழாவில் கருட சேவையைத் தரிசிக்க வந்தவர், காஞ்சிபுரத்து வீதியில் விடியுமுன்பே வந்து நின்று காத்திருக்கிறார். தாமே விரும்பி ஏற்றதாகையால் அந்தக் காத்திருப்பு அவர்களுக்குச் சுமையாகத் தோன்றுவதில்லை. ஆனால், காத்திருப்பது ஒருவருக்குப் புண்ணியமாகலாம் என்பதனாலேயே, அவரைக் காக்க வைப்பது மற்றொருவருக்குக் குற்றமற்ற செயல் ஆகிவிடுமா? இணையத்தில் ஒரு பக்கம் விரைந்து திறப்பதும் திறவாதிருப்பதும் பொறியாளரின் கவலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோமே, அந்த விஷயத்தினுள் இந்தத் தர்ம விசாரம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் பழைய சமண ஆலயம் ஒன்று உண்டு. சமணர் வகுத்த ஐந்து விரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. துறவிக்கு அது மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம். கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வதே களவு என்பது அவர்கள் கண்ட இலக்கணம். அன்றியும், கெட்ட எண்ணம் மாத்திரமல்ல, அசிரத்தையும் பாவத்திற்கு வித்தாகும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். பொன்னைக் களவாடியவன் மனந்திருந்தினால் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். பிறருடைய காலத்தைக் களவாடியவன் எதைக் கொண்டு திருப்பிக் கொடுப்பான்?

உத்திரமேரூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர், பட்டா நகலுக்காகவோ நெல் விலையை அறியவோ, விலை மலிந்த கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் செல்லுமாயினும், அமெரிக்காவிலுள்ள ஒரு சர்வருக்குக் கேள்வி போய் விடை வந்து சேர அந்த ஒளிக்கே விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கும். ஒரே பக்கத்திற்காக இப்படிப் பலமுறை போய்வர நேர்வதும் உண்டு. இது இயற்கை விதித்த தாமதம். இதற்குமேல் மனிதர் விதித்த தாமதங்கள் இருக்கின்றன. உள்ளங்கை அகலத் திரைக்குச் சுவரொட்டி அளவில் படத்தை அனுப்புகிறார்கள். எழுத்துருக் கோப்பு வந்து சேரும்வரை தமிழ் வரிகளைக் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்து வைக்கிறார்கள். யாருக்கும் பயன்படாத ஜாவாஸ்கிரிப்ட் நிரலையெல்லாம் அவருடைய கைப்பேசியே இறக்கி, படித்து, இயக்கித் தீர வேண்டுமென்று விட்டுவிடுகிறார்கள். அது நடந்து முடியும்வரை அவர் விரல் தொட்ட இடம் மரத்துப்போய்க் கிடக்கிறது. செலவாவது அவருடைய டேட்டா, அவருடைய பேட்டரி, அவருடைய பொழுது. அவற்றைச் செலவிட அவரிடம் அனுமதி கேட்டவர் ஒருவருமில்லை.

இதற்கு இன்றைய பொறியாளர் அறிந்த பரிகாரங்களை ஒருசேர நோக்கினால், அவை பெரும்பாலும் அபரிக்கிரகம், அதாவது பொருட்பற்றின்மை, என்னும் மற்றொரு சமண விரதத்தின் அனுஷ்டானமாகவே தோன்றுகின்றன. படத்தைத் திரைக்குத் தக்கவாறு குறுக்கி, வெப்பி, ஏவிஐஎஃப் போன்ற புதிய வடிவங்களில் அனுப்புவது. வாசகர் கீழே செல்லச் செல்ல அடுத்த படத்தை வரவழைப்பது. நிரலைப் பகுதிகளாகப் பிரித்து இப்போது வேண்டியதை மட்டும் தருவது. எழுத்துரு வரும்வரை கைப்பேசியிலுள்ள தமிழ் எழுத்திலேயே செய்தியைக் காட்டிவிடுவது. ஒருமுறை வந்ததைச் சேமித்து மறுமுறை கேளாதிருப்பது. பக்கத்தின் பிரதியைச் சென்னை போன்ற அண்மை நகரில் வைத்துத் தூரத்தையே குறைப்பது: பெரும்பாலும் வேண்டாததை விடுவதும், வேண்டுவதை வேண்டும்போது தருவதுமே இவற்றின் சாரம். பொருள்மீது கொண்ட மோகமே பரிக்கிரகம் என்றார்கள் சமண ஆசிரியர்கள். தாம் செய்த அலங்காரங்களுள் ஒன்றையும் கைவிட மனம் வராத பொறியாளருக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

விரதம் மனத்தளவில் நின்றுவிடாதிருக்கக் கணக்கு வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் வாரியம் என்னும் குழுக்களுக்கு உறுப்பினரைச் சீட்டெடுத்துத் தேர்வதற்காக ஊர்ச் சபையார் வெட்டுவித்த குடவோலை விதிகள் பிரசித்தமானவை. ஏரி வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் பெயர் எழுதக் கூடாதவரை அவை அடுக்கிச் சொல்லும்போது, பிறர் பொருளை அபகரித்தவனை விலக்கியதோடு நில்லாமல், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும்கூட விலக்கின. கணக்குக் காட்டாமையைக் களவோடு ஒரே பட்டியலில் வைத்த அந்த விவேகம் வியக்கற்பாலது.

காலத்திற்கும் இன்று அளவுகோல் உண்டு. கூகுள் 2020-இல் வெளியிட்டு, 2024-இல் ஒரு பகுதியைத் திருத்திய அளவைகளின்படி, பக்கத்தின் பிரதானப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும். தொட்டதற்கு 200 மில்லி விநாடிக்குள் திரை பதில் காட்ட வேண்டும். வரிகள் திடீரென இடம்பெயர்ந்து விரலை வேறு பொத்தானில் விழச் செய்யலாகாது. ஆனால் நூறு வருகைகளில் 75 இந்த எல்லைக்குள் அமைந்தாலே பக்கம் தேறிவிட்டதாகக் கொள்வது அதன் முறை. வணிகத்திற்கு அது போதலாம், தர்மத்திற்குப் போதாது. எஞ்சிய 25-இல் பழைய கைப்பேசியும் நலிந்த சிக்னலும் உடையவரே மிகுதியாக இருப்பர் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

வேகத்தை வளர்ப்பது மனத்தின் சஞ்சலத்தையும் வளர்ப்பதன்றோ என்று ஆன்றோர் ஒருவர் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபம் நியாயமானதே. முடிவின்றி உருண்டுகொண்டே போகும் பக்கங்களும் கணந்தோறும் மாறும் காணொளிகளும் மிக விரைவாகத்தான் திறக்கின்றன; திறந்தபின் மனிதரை விடுவதில்லை. தாமதிக்கும் பக்கம் வாசலில் நிறுத்திப் பொழுதைப் பறித்தது என்றால், இத்தகைய பக்கம் உள்ளே இருத்திப் பறிக்கிறது. ஆகவே விரைவு மாத்திரமே அறமாகிவிடாது. வந்தவர் தம் காரியத்தை முடித்துக்கொண்டு எவ்வளவு விரைவில் எழுந்து போக முடிந்தது என்பதே உரைகல். அவ்வாறு மீண்ட நிமிஷங்களை அவர் ஜபத்தில் கழித்தாலும், திண்ணைப் பேச்சில் கழித்தாலும், வீணே கழித்தாலும், அது அவருடைய உரிமை; பக்கம் படைத்தவருடைய கடமை, அவற்றில் கை வைக்காதிருப்பதே.