பன்னிரண்டு கூடைகள்



ஆகஸ்ட் மாதம் 29-ந் தேதி மாலை வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதாவின் கொடி ஏறும். செப்டம்பர் 8-ந் தேதி தேவமாதா பிறந்த திருநாள். கொடியேற்றத்துக்குச் சில நாள் முன்பிருந்தே தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலை காவி உடையும் ஜெபமாலையுமாய் நிறைந்துவிடும். அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர் என்று ஊர் ஊராய்ப் பாடிக்கொண்டு ஜனங்கள் போவார்கள். நம் பங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாய்ப் புறப்படுவீர்கள். செருப்பில்லாமல் நடப்பதாக நேர்ந்துகொண்டவர்களும் உங்களில் உண்டு. அந்த ஒறுத்தலை ஆண்டவர் ஏற்றுக்கொள்வாராக. ஆனால் புறப்படுமுன் இன்னொரு வெறுங்காலைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் நடக்கிற அதே நாட்களில்தான் சாலையின் இருபுறமும் சம்பா வேலை தொடங்குகிறது. நாற்றங்கால், சேற்றுழவு, பிறகு நடவு. முழங்கால் மட்டும் சேற்றில் இறங்கி, குனிந்து நாற்றை ஊன்றுகிற பெண்பிள்ளைகளின் காலில் செருப்பு ஏது? சேற்றுக்குள் என்ன கிடக்கிறதென்று அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கால் பட்ட பிறகுதான் தெரியும். சாலையோரம் உடைந்த புட்டி ஒன்று மழையில் உருண்டு வயலுக்குள் போய்விட்டால், அது அங்கேயே காத்திருக்கும். உழவு மாடு மிதிக்கும், டிராக்டர் இன்னும் ஆழமாய் அமுக்கும். ஒருநாள் ஒரு தாயின் குதிகாலில் அது ஏறும். அவளுக்கு அன்றைய கூலி போயிற்று. டி.டி. ஊசி போட ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். காயம் ஆறும்வரை சேற்றில் இறங்க முடியாது. நடவோ சில வாரத்து வேலை. அதை விட்டால் அறுப்பு வரையில் அவள் வீட்டு உலைக்கு வழி என்ன?

புட்டியை எறிந்தவனுக்கு அவளைத் தெரியாது. அவள்மேல் அவனுக்குக் கோபமும் இல்லை. கல்லணைக்கு உல்லாசமாய்ப் போய்வந்தான், ஆற்றங்கரையில் குடித்தான், வண்டியிலிருந்து வெளியே எறிந்தான். அவ்வளவுதான். ஆனால் காயம் காயந்தானே! கெட்ட எண்ணம் இல்லாமலே அயலானுக்குக் கேடு செய்யலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

“சுவாமி, நாங்கள் குடிக்கிறவர்கள் அல்ல, மாதாவிடம் போகிறவர்கள்” என்பீர்கள். சரி. ஆனாலும் திருயாத்திரைக் கூட்டம் போன மறுநாள் அந்தச் சாலையைப் பாருங்கள். புண்ணியவான்கள் பந்தல் போட்டுச் சோறும் மோரும் கொடுத்த இடத்தில் தெர்மோகோல் தட்டு, காகிதக் கோப்பை, தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பை. 2019-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் மாநிலத்தில் விற்கவும் வைத்திருக்கவும் தடைசெய்யப்பட்ட பொருட்கள் இவற்றில் உண்டு. சட்டத்தை மீறிக்கொண்டே தர்மம் செய்கிறோம்!

சோற்று வாசனைக்கு மாடு அந்தப் பையையும் சேர்த்துத் தின்கிறது. அது செரிப்பதில்லை; வயிற்றில் அடைத்துக்கொண்டு மாட்டை வாட்டுகிறது. மிச்சமெல்லாம் காற்றடித்து வாய்க்காலில் விழுகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறாய், வெட்டாறாய், வாய்க்கால் வாய்க்காலாய்ப் பிரிந்து கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறதென்று விவசாயிகளாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வருகிற தண்ணீர் ஒரு மதகில் அடைத்த குப்பையினால் நின்றுவிட்டால், கீழே இருக்கிறவன் பயிர் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள். வேளாங்கண்ணியும் அதன் சுற்றுப்புறமும் கடைமடைச் சீமைதான். மாதாவின் கோவில் நிழலில் வாழ்கிற குடியானவனின் தண்ணீரை, மாதாவைக் கும்பிடப் போகிற நாமே வழியில் மறிக்கலாமா?

வேதாகமத்தில் இதற்குப் பாடம் இல்லாமலில்லை. வனாந்தரத்தில் யாத்திரை செய்த இஸ்ராயேல் ஜனங்களுக்கு மோயீசன் கொடுத்த கட்டளைகளை உபாகமம் 23-ம் அதிகாரத்தில் பாருங்கள். பாளையத்துக்கு வெளியே மலஜலத்துக்குப் போகிறவன் கோல் ஒன்றைக் கொண்டுபோய், குழி தோண்டி, அதை மண்ணால் மூட வேண்டும். காரணம், ஆண்டவர் அந்தப் பாளையத்தின் நடுவே உலாவுகிறார் என்பதே. சுத்தத்தைப் பற்றிய இந்தச் சின்னக் கட்டளையைத் தேவ பிரசன்னத்தோடு சேர்த்தே மோயீசன் சொன்னார்.

நமது திவ்விய இரட்சகரும் ஒருநாள் ஐயாயிரம் பேருக்குத் திறந்தவெளியில் விருந்திட்டார். புல் நிறைந்த இடம் என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். எல்லாரும் திருப்தியாய்ச் சாப்பிட்டபின் சேசுநாதர் என்ன செய்தார்? ஒன்றும் வீணாகாதபடி மீந்த துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார். ஐந்து அப்பத்தைப் பலுகப் பண்ணினவருக்கு மீந்த துண்டு எதற்கு? ஆனாலும் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. கூடை தூக்கியவர்கள் யார்? அவருடைய சீஷர்களே. “பொறுக்குவதற்குப் பஞ்சாயத்து ஆள் இருக்கிறதே” என்று சொல்லுகிறவர்கள் இதை யோசிக்கட்டும். அந்த ஆளும் நம்மைப்போல் ஆத்துமமுள்ள மனிதன். நம் எச்சிலைக் கையால் அள்ளுவதற்காகச் சர்வேசுரன் அவனைப் படைக்கவில்லை.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டில் பூமியைப் பேணுவதைக் குறித்து உலகுக்கெல்லாம் ஒரு நிருபம் எழுதினார். பிளாஸ்டிக்கைக் குறைப்பது போன்ற அற்பக் காரியங்களையும் அன்பின் செயலாக எண்ணும்படி அதில் போதித்தார். ஆகையால் இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத்தக்க காரியமா என்று சிரிக்க வேண்டாம். ஆத்தும சோதனை செய்கையில், “என்னால் யாருடைய காலாவது புண்பட்டதோ?” என்று ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வருஷம் நம் பங்கு யாத்திரையில் இப்படிச் செய்வோம். ஆளுக்கொரு துணிப்பையும் எவர்சில்வர் டம்ளரும் கொண்டுவாருங்கள். பந்தல் போடுகிறவர்கள் வாழையிலையில் பரிமாறுங்கள். எச்சில் இலை எருவாகும், தட்டு எருவாகாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னால் நாலு வாலிபர் சாக்கோடு வரட்டும். தங்குகிற இடத்தைவிட்டுக் கிளம்புமுன் ஜெபமாலையின் ஒரு பத்து மணி சொல்லி முடிகிற நேரம் எல்லாரும் குனிந்து பொறுக்கட்டும். குனிவதும் ஒறுத்தல்தான். நடவு செய்கிற தாய் நமக்காக நாள் முழுதும் குனிகிறாள். அவள் நட்ட நெல்லைத்தான் நாம் பந்தலில் உண்கிறோம்.

அவள் பாதம் பத்திரமாயிருக்கும்படி நடந்துபோகிறவனுடைய நேர்ச்சையை ஆரோக்கிய மாதா தம் திருக்குமாரனிடத்தில் சந்தோஷத்தோடு ஒப்புக்கொடுப்பாள். ஆமென்.