திரும்பி வந்த குரல்

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் மழை ஓய்ந்த ஒரு மாலைப்பொழுது. திருநெல்வேலிச் சந்தைக்கு அண்மையில், பல்கலைக்கழக மாணவர் நால்வர் அறையெடுத்துத் தங்கியிருந்த வீட்டின் விறாந்தையில் கடும் வாக்குவாதம் ஒன்று நிகழ்ந்தது. அதன் பொருள் அரசியலுமன்று, பரீட்சையுமன்று. லிங்கின் பார்க் என்னும் அமெரிக்க ரொக் இசைக்குழு ஏழாண்டுகளின் பின் புதிய இசைத்தொகுப்பொன்றை வெளியிட்டிருந்தது. அக்குழுவின் பாடகராய் உலகப் புகழ் பெற்ற செஸ்டர் பெனிங்டன் 2017 ஜூலையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். அவர் நின்ற இடத்தில் இப்பொழுது எமிலி ஆம்ஸ்ட்றோங் என்ற பெண் நின்று பாடுகிறார்.

"அந்தாள் செத்தாப்பிறகு அந்தப் பேரிலை வேறை ஆள் பாடலாமோ, சேர்? எங்களை ஏமாத்தின மாதிரிக் கிடக்கு" என்றான் ஒருவன். "அப்ப மிச்ச ஆக்கள் பாட்டை விட்டிட்டு வீட்டை இருக்கிறதோ?" என்றான் மற்றவன். மூன்றாமவன் வெகுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "எனக்குப் பிடிச்சிருக்கு, சேர். ஆனால் பிடிச்சிருக்கெண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு" என்றான்.

அந்த இசை என் காதுக்குப் பழக்கமானதன்று. நாதசுரமும் இலங்கை வானொலியும் வளர்த்த செவி இது. ஆயினும் 'ஏமாத்தின மாதிரி' என்ற சொல்லை என்னால் எளிதில் விட்டுவிட முடியவில்லை. ஏமாற்றம் என்றால் அதற்கு முன் ஒரு வாக்குறுதி இருந்திருக்க வேண்டும். பாடகன் எந்த உடன்படிக்கையிற் கையொப்பமிட்டான்? காசு கொடுத்து வாங்கிய இசைத்தட்டோடு அவனுடைய எஞ்சிய வாழ்நாளையும் சேர்த்து வாங்கிவிட்டதாக இரசிகன் எப்பொழுது எண்ணத் தொடங்குகிறான்? இரசனையைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினும், மனிதர் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடனைப் பற்றிய கேள்வி இது. அமெரிக்காவுக்குப் போய் இதற்கு விடை தேட வேண்டியதில்லை. தமிழருக்கே இத்தகைய அனுபவம் ஒன்று உண்டு. அதன் பெயர் எம்.கே. தியாகராஜ பாகவதர்.

1934இல் 'பவளக்கொடி'யிற் தொடங்கி, 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'அசோக்குமார்', 'சிவகவி' என்று பத்தாண்டுக் காலம் தமிழ் மக்களின் செவிகளை ஆண்ட குரல் அது. பொற்கொல்லர் குடும்பத்திற் பிறந்த ஒருவர், சங்கீதம் சபைகளின் உடைமையாக இருந்த காலத்தில், அதனைத் தெருவோரத்துத் தேநீர்க்கடை வரையிற் கொண்டுவந்து சேர்த்தார். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. சென்னை பிராட்வே படமாளிகையில் அப்படம் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது பலரும் அறிந்த கதை. அந்த மூன்று தீபாவளிகளில் இரண்டின்போது பாகவதர் எங்கே இருந்தார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் சிறையில் இருந்தார்.

'இந்து நேசன்' என்ற பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரிற் குத்திக் கொல்லப்பட்டார். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சிட்டு விற்பதே அப்பத்திரிகையின் தொழில். அக்கொலை வழக்கில் டிசம்பரிற் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பியனுப்பிய பின், 1947 ஏப்ரலிற் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். கலைஞனின் அந்தரங்கத்தைக் காசாக்கிய பத்திரிகையை வாங்கியவர் யார்? அதே கலைஞனின் படத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிய மக்கட் கூட்டத்தினரே அன்றோ? ஒரு கையால் வணங்கினர். மறு கையால் வம்பை வாங்கினர். சிறைக்குள் மனிதன் வாடிக்கொண்டிருக்க, பிராட்வே திரையில் அவனுடைய நிழல் பாடிக்கொண்டிருந்தது, கூட்டமும் வந்துகொண்டிருந்தது. நிழலுக்கு மனிதனின் இருப்பு தேவைப்படவில்லை.

முதலாளிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு உண்டோ? 1980இற் சுட்டுக் கொல்லப்பட்ட ஜோன் லெனனின் குரலை ஒரு பழைய ஒலிநாடாவிலிருந்து இயந்திரத்தின் துணையாற் பிரித்தெடுத்து, 2023 நவம்பரில் 'பீற்றில்ஸ்' குழுவின் புதிய பாட்டென்று வெளியிட்டார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு மனமுருகியவர்களை நான் குறை கூறவில்லை. ஆனால் செத்தவன் பாடும்போது ஒரு நன்மை உண்டு: அவன் மாறிவிட்டான் என்று எவரும் குற்றஞ்சாட்ட முடியாது. அந்தக் குற்றச்சாட்டு உயிரோடு திரும்பி வருகிறவனுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

பாகவதர் திரும்பி வந்தார். பூனாவிற் படமாக்கப்பட்ட 'ராஜமுக்தி' 1948இல் வெளிவந்து தோல்வியுற்றது. பின்னர் 1952இல் 'அமரகவி', 'சியாமளா'. 1957இல் அவரே இயக்கிய 'புதுவாழ்வு'. எதுவும் பழைய நாளை மீட்டுக் கொடுக்கவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள் அவர் காலமானார். 'சிவகாமி' அவருடைய மறைவுக்குப் பிறகே வெளிவந்தது.

எங்கள் ஐயாவிடம் ஒரு கிராமபோன் பெட்டியும் இருபது முப்பது இசைத்தட்டுகளும் இருந்தன. 1995இல் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தபோது அவற்றை வீட்டிலேயே விட்டுப் போனோம். மறு ஆண்டு வந்து பார்க்கையில் வீடும் பாதி, தட்டுகளும் இல்லை. அவை இருந்த காலத்தில் 'ஹரிதாஸ்' தட்டுகளை அவர் தேய்த்தே முடித்திருந்தார். 'ராஜமுக்தி'த் தட்டு ஒன்றும் இருந்தது. அதை அவர் போட நான் கேட்டதில்லை. ஒரு நாள் ஏனென்று கேட்டேன். "அது பாகவதற்றை குரல் இல்லை. மறியலுக்கை இருந்து வந்த ஆரோ ஒருத்தன்" என்றார். ஐயா கொடுமனத்தர் அல்லர். தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். மாணவனொருவன் பசியோடு வந்தால் தம் மதிய உணவிற் பாதியைக் கொடுக்கிறவர். அவர் வாயில் அந்தச் சொல் வந்தது.

வெகுகாலத்தின் பின் அப்பாட்டுகளைக் கணினியில் தேடிக் கேட்டேன். என் செவிக்குக் குரலிற் பெரும் பழுது எதுவும் தெரியவில்லை. மேற்தாயியில் ஏறுகின்ற இடங்களில் அதே துணிவு. சொற்களை நிறுத்தி உச்சரிக்கும் அதே நிதானம். ஒரு சோர்வு இருக்கிறதென்று யாரேனும் கூறினால் மறுக்கமாட்டேன். சிறையிற் கிடந்து வந்தவர் குரலிற் சோர்வு இருத்தலாகாதா? 1944இல் ஐயாவுக்கு வயது இருபது. 1948இல் திருமணமாகிச் சகோதரியின் சீதனக் கடன் தலைமேல் ஏறியிருந்தது. குரல் திரும்பி வந்தது. இருபது வயது கூட வரவில்லை. அந்தக் கோபத்தை அவர் யார்மேற் காட்டுவார்? கடன்காரன் மேற் காட்ட முடியாது. பாகவதர் மேற் காட்டலாம்.

தோல்விக்கு இரசிகரின் மனநிலையே முழுக் காரணம் என்று கூற நான் வரவில்லை. அது கருத்துமுதல்வாதமாய்ப் போய்விடும். உற்பத்தி முறையே மாறிக்கொண்டிருந்தது. நடிப்பவனே பாடவும் வேண்டும் என்ற நியதி பின்னணிப் பாடலின் வருகையோடு தளர்ந்தது. ஒருவர் முகமும் இன்னொருவர் குரலும் தனித்தனியாக விலை பேசப்படும் காலம் பிறந்தது. விசித்திரம் யாதெனில், எம்.எல். வசந்தகுமாரி பின்னணிப் பாடகியாக அறிமுகமானது இந்த 'ராஜமுக்தி'யிலேதான். பாடத் தெரியாமலே பின்னாளில் திரையை ஆண்ட எம்.ஜி. இராமச்சந்திரன் இப்படத்தில் ஒரு துணை வேடக்காரர். தம்மைத் தேவையற்றவராக்கப் போகும் காலத்தைப் பாகவதர் தம் படத்துக்குள்ளேயே வைத்திருந்தார். விசைத்தறி வந்த ஊரில் கைநெசவாளியின் நிலை என்னவோ, அதுவே அவருடைய நிலை. 1952இல் 'பராசக்தி' வந்தபோது மக்கள் பாட்டைவிட வசனத்தைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாகவதரின் பாணியைப் பின்பற்றிப் பாட வந்த டி.எம். சௌந்தரராஜனை அதே மக்கள் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஆகவே பாணி சலித்துவிட்டது என்று மாத்திரம் கூறித் தப்பிக்கொள்ள இயலாது.

கிருஷ்ணனின் கதை இதற்கு மாறானது. ஒரே வழக்கு, ஒரே சிறை, ஒரே தீர்ப்பு. அவரை மக்கள் ஏற்றுக்கொண்டனர். 1949இல் அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி'யில் நடித்தார். நந்தன் கதையைத் தலைகீழாக்கி, ஒடுக்கப்பட்ட சிறுவன் படித்து முன்னேறுவதைக் கிந்தனார் காலட்சேபமாக்கினார். காலம் கேட்ட கேள்வியைக் காலத்துக்கு முன்னே நின்று அவர் கேட்டார் என்பது உண்மை. முற்போக்காளராகிய நாம் அதனைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறோம். ஆயினும், நகைச்சுவைக் கலைஞனிடம் எவரும் தம் இளமையை அடகு வைப்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாமென்று எனக்குத் தோன்றுகிறது. அழகனையும் காதலனையும் நாம் வயதாக விடுவதில்லை.

சாதாரண இரசிகரைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிட்டால் அது நேர்மையாகாது. 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் பூனாவுக்குப் போனவர் புதுமைப்பித்தன். எமது திருநெல்வேலியோடு பெயரால் மாத்திரம் உறவுடைய அந்தத் திருநெல்வேலியை வேராகக் கொண்டவர். 'தினமணி'யையும் பின்னர் 'தினசரி'யையும் விட்டு, வயிற்றுப் பிழைப்புக்காகத் திரையுலகை நாடிய அவருக்குப் பூனாவிற் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். தாம் எழுதிய படம் திரைக்கு வந்ததைப் பார்க்கவில்லை. பாகவதர் திரும்பி வந்த கதைக்குள் ஓர் எழுத்தாளன் திரும்பி வராத கதையும் இருக்கிறது.

இலக்கியவாதிகளாகிய நாம் இதை எப்படிச் சொல்லி வந்திருக்கிறோம்? சினிமா அவரைக் கொன்றது என்கிறோம். அவர் சினிமாவுக்குப் போயிருக்கக் கூடாது என்கிறோம். சிறுகதை எழுதிய புதுமைப்பித்தன் எங்களுடையவர். பூனாவிற் கூலிக்கு வசனம் எழுதிய புதுமைப்பித்தனை நாங்கள் அறியோம் என்பதுபோலப் பேசுகிறோம். அவர் கதை எழுதிய நாட்களில் அவருடைய அடுப்பு எரிந்ததா என்று எத்தனை வாசகர் கேட்டனர்? ஐயா இசைத்தட்டிடம் கேட்டதையே நாம் புத்தகத்திடம் கேட்கிறோம். எமது ஆய்வுரைகளில் அடிக்குறிப்புகள் உண்டு என்பது ஒன்றே வேறுபாடு.

இரசிகரின் முறையீட்டைக் கூர்ந்து பாருங்கள். பாகவதர் மாறவில்லை, அதே ராஜா வேடம், அதே பாட்டு என்றார்கள். அவர் மாறிவிட்டார், பழைய ஒளி இல்லை என்றும் சொன்னார்கள். விறாந்தையில் நடந்த வாக்குவாதத்திலும் இரண்டும் வந்தன: புதுப் பாட்டுகள் பழையவற்றின் நகல் என்றான் ஒருவன், பழைய குழுவே இல்லை என்றவனும் அவனேதான். ஒரு பொருள் ஒரே சமயத்தில் மாறியும் மாறாமலும் இருப்பதாகக் குற்றஞ்சாட்டுகிறவன் அந்தப் பொருளைப் பற்றிப் பேசவில்லை. தனக்குள் ஏதோ ஒன்று தொலைந்துபோனதைப் பற்றிப் பேசுகிறான்.

அதற்காகத் திரும்பி வந்த கலைஞனின் படைப்பு எதுவாயினும் கைதட்ட வேண்டுமென்பதும் என் வாதமன்று. இரக்கத்தால் தட்டப்படும் கைதட்டல் அவமதிப்பின் இன்னொரு வகை. படைப்பு தாழ்ந்திருந்தால் தாழ்ந்தது என்று கூறும் உரிமை கேட்பவனுக்கு உண்டு. 'ராஜமுக்தி' ஒரு மகத்தான படம் என்று நானும் சொல்லமாட்டேன். எனினும் 'இந்தப் பாட்டு எனக்கு நன்றாகப் படவில்லை' என்பது ஒரு தீர்ப்பு. 'இவன் அவன் அல்லன்' என்பது வேறொன்று. முன்னது உழைப்பை அளக்கிறது. பின்னது, மனிதனை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறது.

வாசலில் நிறுத்துவது என்றேன். இந்த மண்ணில் அது உவமையாக மாத்திரம் இருப்பதில்லை. 2009இன் பின் தடுப்பு முகாம்களிலிருந்தும் சிறைகளிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். அவர்களுக்காகக் கோவிலில் நேர்த்தி வைத்த தாய்மார், பெயர்ப் பட்டியல்களைத் தேடி அலைந்த தந்தையர், அவர்கள் வந்து சேர்ந்த சில மாதங்களின் பின், "முந்தின பிள்ளை இல்லை" என்று அயலவரிடம் மெல்லச் சொன்னதை நான் என் காதாற் கேட்டிருக்கிறேன். அயலவர் அதைவிட உரக்கச் சொன்னார்கள். சிலருக்கு வேலை கிடைக்கவில்லை. சிலருக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். இல்லாதபோது சுவரில் மாட்டியிருந்த படத்துக்குக் கிடைத்த அன்பு, வந்து நின்ற ஆளுக்குக் கிடைக்கவில்லை. பிராட்வேயில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்ததும் இதுவும் ஒன்றல்ல என்பதை அறிவேன். பாட்டையும் உயிரையும் ஒரே தராசில் வைக்கலாகாது. என்றாலும் ஐயாவின் வார்த்தையும் அந்தத் தாயின் வார்த்தையும் என் நினைவில் அடுத்தடுத்தே வந்து உட்காருகின்றன.

பிடித்திருப்பதாகச் சொல்ல வெட்கப்பட்ட மாணவன் சில வாரங்களின் பின் ஏதோ ஒரு புத்தகத்துக்காக வீட்டுக்கு வந்தான். 'ராஜமுக்தி'ப் பாட்டு ஒன்றைக் கேட்கச் செய்தேன். பழைய ஒலிப்பதிவின் இரைச்சலுக்குள் காதைக் கொடுத்து முழுவதும் கேட்டான்.

"குரல் நல்லாத்தானே கிடக்கு, சேர். ஏன் ஆக்கள் பாக்கப் போகேல்லை?"

நான் பின்னணிப் பாடலின் வருகையைப் பற்றியும், வசனப் படங்களைப் பற்றியும், 1948இன் தமிழ்நாட்டைப் பற்றியும் நீளமாக விளக்கினேன். ஐயா சொன்னதை மாத்திரம் அவனிடம் சொல்லவில்லை.