வழியும் தெரிவும்

அறியாத ஊருக்குச் செல்பவன் வழியைப் பிறரிடம் கேட்டறிவது தொன்றுதொட்ட வழக்கம். எவரைக் கேட்பது என்பதை அவனே தீர்மானித்தான். கைத்தொலைபேசியுடன் கூடவே வரும் வரைபடச் செயலியைப் பொறுத்தவரை அத்தீர்மானம், வாங்குபவன் கையிற் கருவி சேருமுன்னரே முடிந்துவிடுகின்றது. தான் தெரிவு செய்யாத ஒன்றுக்கு மனிதன் எவ்வளவு தூரம் பொறுப்பாளியாவான்?

2012 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் தன் தொலைபேசிகளில் அதுவரை இருந்த கூகுள் வரைபடத்தை அகற்றித் தனது வரைபடத்தைப் புகுத்தியது. புதியதிற் பிழைகள் மலிந்திருந்தன. அம்மாத இறுதியிலேயே நிறுவனத் தலைவர் டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கோரி, திருத்தம் நிறைவேறும்வரை பிறரது செயலிகளைப் பயன்படுத்தலாம் என்றார். பாவனையாளர் பழையதையும் தெரிந்தெடுத்தவர் அல்லர். புதியதையும் தெரிந்தெடுத்தவர் அல்லர்.

தெரிந்தெடுக்க விரும்புவோர்க்கு வழி உண்டு. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன் ஸ்ட்ரீட் மெப், எவரும் வரைந்து திருத்தக்கூடிய வரைபடமாகும். ஓஸ்மாண்ட், ஓர்கானிக் மெப்ஸ் ஆகிய செயலிகள் அதனையே அடிப்படையாகக் கொண்டவை. வரைபடத்தை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் அவை வழிகாட்டும்.

ஆயின் இம்மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. கூகுள் வரைபடம் வீதி நெரிசலை உடனுக்குடன் காட்டுவது, செல்வோரின் தொலைபேசிகள் தத்தம் இருப்பிடத்தையும் வேகத்தையும் அறிவித்த வண்ணம் இருப்பதாலேயே. எவரையும் பின்தொடராத செயலிக்கு அவ்வறிவு தானாக வாய்ப்பதில்லை. எனவே அந்தரங்கத்தைப் பேணுபவன் சிலவேளை பிந்தியே சேர்வான். அத்தாமதம் அவனை மட்டும் சாருமாயின் அதனை நியாயமான விலை எனலாம். நோயாளியை ஏற்றிச் செல்லும் முச்சக்கரவண்டிச் சாரதியின் நிலை வேறு. அவனது கொள்கைக்கான விலையைப் பின்னாசனத்திற் சாய்ந்திருப்பவர் செலுத்த நேரிடும். அவன் கூகுளையே நாடுவானாயின் அவனைக் கொள்கையற்றவன் எனல் பொருந்தாது.

மறுபுறம், விரைவின் விலையையும் பிறரே செலுத்துவதுண்டு. நியூயோர்க் நோக்கிச் செல்லும் வாகனங்களை, நெரிசலைத் தவிர்க்கும் பொருட்டு, நியூ ஜேர்சியிலுள்ள லியோனியா என்னும் சிற்றூரின் குடியிருப்பு வீதிகளுக்குள் செயலிகள் திருப்பிவிட்டன. வீட்டு வாசலிலிருந்து வாகனத்தை வெளியே எடுப்பதே ஊரவர்க்குச் சிரமமாயிற்று. 2018 ஜனவரியில் ஏறத்தாழ 60 வீதிகளை நெரிசல் வேளைகளில் வெளியார்க்கு மூடினார்கள். அவ்வழியாற் சென்ற சாரதிகளுள் எவரும் தீங்கு நினைத்தவர் அல்லர். செயலி காட்டிய வழியிற் சென்றனர், அவ்வளவே.

செயலியை மாற்றியதோடு தன் கடன் தீர்ந்ததெனக் கருதுபவனும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். கட்டணமின்றிப் பெறும் வரைபடத்தை யாரோ நடந்து நடந்து வரைந்திருக்கின்றனர். நைரோபியின் கிபேராச் சேரி வரைபடங்களில் நெடுங்காலம் வெற்றிடமாகவே கிடந்தது. 2009இல் அச்சேரி இளைஞர்களே ஜீ.பீ.எஸ். கருவிகளுடன் சந்து சந்தாகச் சென்று பாதைகளையும் தண்ணீர் பெறும் இடங்களையும் பள்ளிகளையும் ஓபன் ஸ்ட்ரீட் மெப்பிற் பதிந்தனர்.

தன் ஊரின் ஒழுங்கையொன்று அவ்வரைபடத்தில் இல்லாதிருப்பதைக் காண்பவன், குறையுள்ள செயலி என்று கூறிப் பழையதற்கே திரும்பிவிடலாம். அன்றேல் அவ்வொழுங்கையைத் தானே வரையலாம். அதற்கு வேண்டுவன ஒரு கணக்கும் சில நிமிடங்களுமே.