மறு கன்னம்

கிறிஸ்தவனைக் கேலி செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. அவன் கோபித்துக்கொண்டால், “மறு கன்னத்தையும் காட்டச் சொன்னாரே உங்கள் சாமி?” என்று இன்னொரு தடவை சிரிக்கலாம். சேக்காட்டில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு நண்பர் என்னை இப்படித்தான் மடக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஹாஸ்யம் நன்றாகவே இருந்தது. ஆனால் கேள்வி என்னவோ வீடு வரைக்கும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் விசுவாசமா?

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். பிரதான ஆசாரியனுக்கு முன்னால் கட்டுண்டு நிற்கும் இயேசுவை ஒரு சேவகன் அறைகிறான். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் அங்கே அதைக் காட்டவில்லை. தாம் பேசியது தப்பென்றால் எது தப்பென்று சொல்லும்படியும், சரியென்றால் ஏன் அடித்தாய் என்றும் கேட்கிறார். ஆனால் ஏரோது ராஜா வேடிக்கை பார்க்கும் ஆசையில் கேள்விமேல் கேள்வி கேட்டபோது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்கிறார் லூக்கா. சேவகனுக்குப் பதில், ராஜாவுக்கு மௌனம்! அடித்தவனாயினும், நியாயத்தைச் சொன்னால் யோசிக்கக் கூடியவன் என்று அந்தச் சேவகனை அவர் மதித்தார் போலிருக்கிறது. ராஜாவுக்கு வேண்டியிருந்தது கூத்து.

கண்டனம் என்பது கேலியல்ல. அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். அவரே 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். சைவர்களின் கோயிலையும் பூஜையையும் மிஷனரிமார் இகழ்ந்தார்களே, எருசலேம் ஆலயத்துச் சடங்குகள் மட்டும் என்னவாம் என்று பைபிளைக் கொண்டே மடக்கினார். கிறிஸ்தவர்கள் இதை அவசியம் வாசிக்க வேண்டும். பிறருடைய தெய்வத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், தங்களைப் பார்த்து யாராவது சிரித்தால் உடனே சிலுவையைச் சுமப்பதாக நினைத்துக்கொள்வது என்ன நியாயம்?

எனக்கு மிகவும் பிடித்த பதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து கம்பராமாயணத்தில் ஊறியவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போதாதற்கு, கிறிஸ்தவர்கள் எழுதுவதெல்லாம் ‘பாதிரித் தமிழ்’ என்ற நையாண்டி வேறு. (அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.) இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த ஜான் பனியன், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தவர். அவர் எழுதிய ‘மோட்சப் பிரயாண’த்தை எடுத்துக்கொண்டு, கம்பனிடம் கற்ற விருத்தத்தில் ஒரு காவியமே செய்துவிட்டார் பிள்ளை. ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வந்தது. மதம் மாறியவன் தமிழையும் தொலைத்துவிடுவான் என்ற பேச்சுக்கு இதைவிடப் பணிவான பதில் இருக்க முடியுமா? பணிவுதான்; ஆனால் தலை குனியவில்லை.

இடையில் முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. முதலில் சிரித்தவர்களில் எத்தனை பேர் அதுவரை இருந்தார்களோ! அவர்களில் ஒரு கிழவராவது திண்ணையில் உட்கார்ந்து யாரோ படிக்க ஒரு பாட்டைக் கேட்டு, “நம்ம பிள்ளைவாள் பாட்டுத்தானே இது?” என்று கேட்டிருப்பார் என நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாயிருக்கிறது.