மறைந்து நிற்கும் உயிர்

அயல்நாடு செல்வோர்க்கு நம் இல்லங்களில் கூறப்படும் அறிவுரை ஒன்றே: "ஊனையும் முட்டையையும் விலக்கிக் கிடைத்த காய்கறியை உண்டு வா." இவ்வறிவுரை போதுமானதன்று என்பதை, ஜப்பானில் என் மகன் இல்லத்தில் தங்கியிருந்த நாட்களில் உணர்ந்தேன்.

ஒருநாள் நண்பகலில், என் வயதையொத்த அண்டை வீட்டு அம்மையார் கிண்ணத்தில் சூடான சாறு கொணர்ந்தார். சோயா மொச்சையை அவித்து அரைத்துப் புளிக்கவைத்த 'மிசோ'வைக் கரைத்தது. அதில் சோயாப்பாலின் 'டோஃபு' கட்டிகளும் கடற்பாசியும் மிதந்தன. கண்ணுக்குத் தெரிந்தவை யாவும் தாவரமே. மகிழ்ந்து பருகினேன்.

மாலையில் மருமகள் வந்து கூறிய பின்னரே உண்மை விளங்கிற்று. அந்நாட்டுச் சமையலுக்கு அடிப்படை 'தாஷி' என்னும் வடிநீர். அவித்துப் புகையூட்டிக் கட்டைபோல் உலர்த்திய மீனைச் சுருள்சுருளாகச் சீவி, வெந்நீரிலிட்டு வடிப்பது பெருவழக்கு. வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நின்று பொருள் தருவதுபோல, அச்சாற்றில் மீன் மறைந்து நின்று சுவை தந்திருக்கிறது.

அறியாமல் உண்டது குற்றமாகுமா? கொல்ல எண்ணவில்லை, உண்ணவும் விரும்பவில்லை. ஆயினும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அறியாமை பொறுக்கத்தக்கது, அறிய முயலாமை பொறுக்கத்தக்கதா? பிரமாதம் என்னும் விழிப்பின்மையையே ஹிம்சைக்கு வாயில் என நம் அறநூல்கள் உரைக்கின்றன.

சொன்னால் அன்புடன் அளித்தவர் மனம் நோகும்; சொல்லாவிடில் மீண்டும் கிண்ணம் வரும், ஹிம்சையுடன் பொய்யும் சேரும். ஆகவே, மருமகள் வாயிலாகப் பணிவுடன் உரைத்தேன். அம்மையார் தலைதாழ்த்தி வருந்தினார். "அது எனக்கு மீனாகவே தோன்றியதில்லை" என்றார். கி.பி. 816இல் கூக்காய் என்னும் துறவி தலம் அமைத்த கோயாசான் மலையின் மடங்களில், மீனும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைக்கும் மரபு உண்டென அவரே கூறினார். மறுநாள் 'கொன்பு' என்னும் கடற்பாசியை மட்டும் ஊறவைத்து வடித்த நீரில் சாறு செய்து தந்தார்.

அன்று நான் பட்டுச் சேலை உடுத்தியிருந்தேன். முந்தானையைத் தொட்டுப் பார்த்தவர், தம் தாயார் பட்டுப்புழு வளர்த்தவர் என்றும், கூடுகளைக் கொதிநீரிலிடும் நாற்றம் இன்னும் நினைவிலிருக்கிறதென்றும் கூறினார். பின், "உங்கள் நாட்டில் புழுவை எவ்வாறு உயிருடன் வெளியேற்றுகிறீர்கள்?" என்று கள்ளமின்றிக் கேட்டார்.

என்னிடம் விடையில்லை. காஞ்சிப் பட்டிற்கும் கூடுகள் கொதிநீரில்தான் வேகின்றன. மணமேடையிலும் ஜினாலயத்திலும் அதனை உடுத்தி நின்றவள் நான். அவருக்கு மீன் மீனாகத் தோன்றவில்லை. எனக்குப் புழு புழுவாகத் தோன்றவில்லை. பழகிப்போனதன் பின்னால் உயிர் மறைந்து நிற்கும். அதனைக் காட்ட அயலார் கண் வேண்டியிருந்தது.

எனவே, வெளிநாடு செல்லும் இளையோர்க்கு என் வேண்டுகோள்: கேட்டு உண்ணுங்கள், விலக்க நேர்ந்தால் இகழாமல் விலக்குங்கள், அவர்கள் நம்மைக் கேட்கும்போது சினவாமல் விடை தேடுங்கள்.

ஊர் திரும்பியபின் பேத்தியின் திருமணத்திற்குப் பருத்திச் சேலை உடுத்திச் சென்றேன். பெட்டியிலிருக்கும் பட்டுகளை என்செய்வதென்று இன்னும் துணியவில்லை. பருத்திக்குக் காரணம் கேட்ட உறவினர்க்கு மட்டும் அந்தச் சாற்றுக் கிண்ணத்தின் கதையைச் சொன்னேன்.